முதுகில் யாரும் முந்திரி உடைப்பதில்லை

எனக்கும் என் அக்காவுக்கும் காதின் கீழ்மடல் தனியாகத் தொங்காது, கன்னத்தோடு ஒட்டியிருக்கும். தோடு போட்டால் எடுப்பாக இல்லை என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வாள். மற்றபடி அதை யாரும் ஒரு விஷயமாக நினைத்ததில்லை. கொலை செய்கிறவர்களுக்கு அப்படிக் காது இருக்கும் என்று ஒரு டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அப்போது எனக்குப் பதினேழு வயது. அக்கா கொலைக் கேஸில் ஜெயிலில் இருந்தாள்.

யுத்தம் முடியப்போகிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊர் வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில். அப்பா எங்கள் வேதக்கோயிலில் உபதேசியார். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பார், சாமியார் வேறு ஊருக்குப் போன நாட்களில் ஜனங்களைக் கூட்டி வைத்துச் செபமாலை சொல்லுவார், சாகக் கிடக்கிறவர்கள் தலைமாட்டில் உட்காருவார். மரியாதையான குடும்பம் என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதே எங்கள் வீட்டில் ஒரு தனி வேலை.

அக்காவை ஜெயங்கொண்டத்தைத் தாண்டி முந்திரிக்காட்டு ஊர் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தவக்காலத்தில், கொட்டை விழுகிற பருவத்தில், அவள் தன் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு தோப்புக் கிணற்றில் விழுந்தாள். கொட்டை பொறுக்க வந்தவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். அக்கா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. பிள்ளையைக் கொன்றதாகவும் தற்கொலைக்கு முயன்றதாகவும் போலீசார் கேஸ் எழுதிக் கொண்டுபோனார்கள்.

அதற்கு முன் நடந்ததை நான் கண்ணால் பார்த்தவள். அதனால் சொல்லுகிறேன்.

முந்திரிக்கொட்டையின் ஓட்டில் ஒரு எண்ணெய் உண்டு. பட்ட இடம் வெந்து, கொப்புளித்து, பிறகு கறுத்து உரியும். பெண்கள் கையில் சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் கொட்டை உடைப்பார்கள். அப்படியும் விரல்கள் கறுத்துத்தான் இருக்கும். எங்கள் பக்கத்தில் அப்படிக் கையைப் பார்த்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

அக்கா முதல் தடவை திரும்பி வந்தபோது முழங்கை வரைக்கும் கறுத்திருந்தது. "அவருதாம்பா ஊத்துனாரு. கஞ்சி ஆறிப்போச்சுன்னு எண்ணெய எடுத்து ஊத்துனாரு" என்றாள். அப்பா கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முந்திரி ஒடைக்கிற பொம்பளைங்க கை எல்லாம் இப்படித்தாம்மா இருக்கும். கோவத்துல ஒண்ணு சொல்லாத. போயிட்டு வாம்மா" என்றார். அவர் பொய்யாகச் சொல்லவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் பிறந்ததிலிருந்து பார்த்த கைகள் அவை. அந்தக் கைகளுக்கு அவரிடம் ஒரே காரணம்தான் இருந்தது.

இரண்டாம் தடவை வந்தபோது அக்கா ஒன்றும் பேசவில்லை. அடுப்படிக்கு வந்து ரவிக்கையை அவிழ்த்து எனக்கும் அம்மாவுக்கும் முதுகைக் காட்டினாள். முதுகில் யாரும் முந்திரி உடைப்பதில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பாவிடம் போய்ச் சொன்னாள். அவர் மருமகனை வரவழைத்து, சாமியார் முன்னால் நிறுத்தி, இனி கை நீட்டுவதில்லை என்று சிலுவையைத் தொட்டுச் சத்தியம் வாங்கினார். அக்கா புருஷன் அழகாகச் சத்தியம் செய்தான். அவன் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அன்று சாயங்காலமே அக்காவை அவனோடு அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் தடவை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தாள். பிள்ளையின் தொடையில் என் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் இல்லை. அப்பா அதைப் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டு இருக்கோம். இந்த நேரத்துல நீ வந்து வூட்டுல உக்காந்தா நல்லா இருக்குமா? அதுக்குக் கல்யாணம் முடியட்டும், நானே வந்து கூட்டிட்டு வரேன். இப்ப போயிட்டு வாம்மா" என்றார். அக்கா பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாள். என்ன சம்பந்தம், எந்த ஊர் என்றுகூட அவள் கேட்கவில்லை. அடுத்த வாரம் கிணறு.

அப்பா திருச்சியிலிருந்து ஒரு வக்கீலைப் பிடித்தார். நல்ல மனுஷர், நிறையப் படித்தவர். மனசைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதிய புத்தகமெல்லாம் படித்திருந்தார். எங்கள் வீட்டுக்கே ஒரு தடவை வந்தார். அக்கா சின்ன வயசில் எப்படி, அடம் பிடிப்பாளா, இருட்டுக்குப் பயமா, அப்பாவிடம் அதிகப் பிரியமா அம்மாவிடமா, எனக்குப் பால் கொடுத்தபோது பொறாமைப்பட்டாளா என்று அம்மாவைக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். அக்காவுக்கு என்ன நடந்தது என்று உட்கார்ந்து கேட்ட முதல் ஆள் அவர்தான். அதற்காக இன்றும் அவரை நான் மரியாதையோடுதான் நினைக்கிறேன்.

ஆனால் அவரிடம் ஒரு தொந்தரவு. என்ன பதில் சொன்னாலும் அவருக்கு அது சரியாக இருந்தது. புருஷன் மேல் உள்ள கோபத்தை அக்கா உள்ளே அடக்கி வைத்திருந்தாள், அது பிள்ளை மேல் திரும்பிவிட்டது என்றார். பிள்ளையை அவள் கண்ணாகத்தானே வைத்திருந்தாள் என்று அம்மா சொன்னாள். "அதாம்மா, அவ்வளவு பிரியம் காட்டுறதே உள்ள இருக்கிற வெறுப்ப மறைக்கத்தான்" என்றார். அடித்திருந்தால் வெறுப்பு, அடிக்காவிட்டால் மறைத்த வெறுப்பு. ஆமாம் என்றாலும் ஆமாம், இல்லை என்றாலும் ஆமாம். அம்மா அதற்குப் பிறகு அவர் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். இன்னொன்றும் எனக்குப் பட்டது. அக்காவின் மனசுக்குள் இருந்த ஒவ்வொரு அறையையும் அவர் திறந்து பார்த்தார். எங்கள் வீட்டு வாசல்கதவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

டாக்டர் வேறு மாதிரி. பெரம்பலூர்ப் பக்கத்து ஆள், அரியலூரில் தனியாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல்தான் அவரை அனுமதி வாங்கி ஜெயிலுக்கு அனுப்பினார். அவர் அக்காவின் மண்டையை நாடாவால் அளந்தார். நெற்றியின் சரிவு, பல்வரிசை, காது எல்லாம் பார்த்தார். குற்றம் செய்கிற புத்தி எலும்பிலும் நரம்பிலும் பிறக்கும்போதே இருக்கிறது, தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது, சில உடம்பில் மேலுக்கே அடையாளம் காட்டும் என்று அப்பாவிடம் விளக்கினார். அவளைத் திட்டியோ கேவலமாகவோ ஒரு சொல் சொல்லவில்லை. "மாரடைப்பு வந்தவன நாம குத்தம் சொல்றோமா? இதுவும் அந்த மாதிரிதான். பாவமும் இல்ல, துரோகமும் இல்ல" என்றார். ஊரே அக்காவை ராட்சசி என்று பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பேச்சு எங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஆறுதல் வீடு வந்து சேரும் வரைக்கும்தான். வீட்டில் சின்னக் கண்ணாடி ஒன்று இருந்தது. நான் முடியை ஒதுக்கிவிட்டுக் காதைப் பார்த்தேன். அதே காது. ஒரே வயிறு, ஒரே ரத்தம், ஒரே காது. நான் ஏன் எந்தக் கிணற்றிலும் விழவில்லை? இதை டாக்டரிடம் கேட்க எனக்கு அனுமதியில்லை. கேட்டிருந்தால், "இன்னும் காலம் இருக்கு" என்றுதான் சொல்லியிருப்பார்.

வக்கீல் கடைசியில் தன் மனசுப் புத்தகங்களை மூடி வைத்துவிட்டு டாக்டர் சொன்னதையே பிடித்துக்கொண்டார். "மனசு காத்து மாதிரி. கோர்ட்டுல கைல எடுத்துக் காட்ட முடியாது. ரத்தம்னா ஜட்ஜுக்குப் புரியும். அடிச்சான்னு சொன்னா பரிதாபப்படுவாரு, ஆனா விடமாட்டாரு. பைத்தியம்னு நிரூபிச்சா தூக்கும் இல்ல, ஜெயிலும் இல்ல. ஆஸ்பத்திரியில வச்சு, குணமானா வுட்டுருவாங்க" என்றார். பிறகு கேட்டார்: "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது புத்தி பேதலிச்சு இருந்துச்சா?"

இருந்தது. இருந்ததாக ஊருக்கே தெரியும். அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஏரியில் விழுந்து செத்துப்போனாள். தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்தக் காலத்தில் கல்லறையில் இடம் கிடையாது. வேலிக்கு வெளியே நாயைப் புதைப்பதுபோலப் புதைக்க வேண்டும். புத்தி கெட்டுப்போய்ச் செய்திருந்தால் மட்டும் சாமியார் மந்திரித்து உள்ளே வைக்கச் சம்மதிப்பார். அப்பா அன்று சாமியார் காலில் விழுந்து, தங்கச்சிக்குப் பல மாதமாகவே புத்தி சரியில்லை என்று சொன்னார். ஊர்ப் பெரியவர்களும் ஆமாம் போட்டார்கள். செத்தவளுக்குச் சிலுவை நட்ட குழி கிடைத்தது. அதற்காகச் சொன்ன வார்த்தை அது. ஆனால் சொன்ன வார்த்தை செத்தவளோடு புதையவில்லை. டாக்டர் அதைக் கேட்டதும் மலர்ந்து போனார். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று வக்கீலைப் பார்த்துச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பாவும் உபதேசியார், எங்கள் அப்பாவுக்குப் பழைய சிநேகிதர். எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று சாமியார் அறிவிப்பார். அக்கா கேஸ் திருச்சியில் விசாரணைக்கு வந்தபோது எனக்கு முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா அன்று பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து, உட்காராமலே பேசினார்.

"கொலைங்கிறது பாவம். பாவத்துக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கு, மன்னிப்பு இருக்கு. அதப் பத்தி நான் பேசல. பைத்தியம் ரத்தம். எம் பேரப்புள்ளைங்களுக்கு அது வரும். நீங்க கோர்ட்டுல ஏறி அப்படிச் சொன்னீங்கன்னா, ரெண்டாவது ஓலை வேணாம்னு நான் சாமிகிட்ட சொல்லிடுவேன். வருத்தப்படாதீங்க."

அவர் போன பிறகு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. ஒரு பக்கம் அக்காவின் உயிர். மறு பக்கம் நான். அப்பா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"சொல்லுங்கப்பா. பைத்தியம்னே சொல்லுங்க. அக்கா உசுரோட இருக்கட்டும். எனக்குக் கல்யாணம் ஆகலேன்னா செத்துடவா போறேன்?" என்றேன். செத்துடவா என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மா கையிலிருந்த கரண்டியால் என் தோளில் ஒன்று வைத்தாள். பிறகு அவளே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அரியலூரில் ரயில் ஏறித் திருச்சிக்குப் போனோம். நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்ததால் என்னையும் கூட்டிப் போனார்கள். கோர்ட்டில் டாக்டர் காது, மண்டை, பரம்பரை என்று இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார். பிறகு அப்பா கூண்டில் ஏறி வேதபுத்தகத்தின் மேல் கைவைத்தார். தன் தங்கச்சிக்குப் புத்தி பேதலித்திருந்தது என்றும், தன் பெரிய மகளுக்கும் சின்ன வயசிலிருந்தே அதே மாதிரி என்றும் சொன்னார். என் கல்யாணத்தை அங்கே அவர் பலி கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஒரு விதத்தில் திருப்தியாகவும் இருந்தது. அக்காவுக்கு இந்த வீட்டிலிருந்து யாராவது எதையாவது கொடுக்க வேண்டாமா?

எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, நீ என்ன சொல்லுகிறாய் என்று ஜட்ஜ் அக்காவைக் கேட்டார். வக்கீல் அவளிடம், ஒன்றும் ஞாபகமில்லை என்று மட்டும் சொல்லச் சொல்லியிருந்தார்.

அக்கா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பைத்தியம் இல்லைங்க. எங்க அத்தைக்கும் இல்லைங்க. ஆறு மாசம் எங்க வூட்டுல என்கூடத்தான் படுத்துச்சு. எனக்குத் தலை வாரி வுடும், கதை சொல்லும். புருஷன் வூட்டுக்குப் போன்னு எங்கப்பா சொன்னாரு. அன்னிக்கு ஏரிக்குப் போயிடுச்சு. நானும் மூணு வாட்டி வந்தேங்க. மூணு வாட்டியும் அனுப்பிட்டாரு. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குங்க. புள்ளையத் தூக்கிக்கிட்டுத்தான் விழுந்தேன். இனிமே அது மேல எண்ணெய் படாதுன்னுதான் விழுந்தேன்."

வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டார். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையைப் பற்றிய உண்மை எனக்கு அந்த நிமிஷம்தான் தெரியவந்தது. டாக்டர் சொன்ன மாதிரி எங்கள் குடும்பத்தில் தலைமுறையாக இறங்கியது ஒன்று இருந்தது உண்மைதான். அது காதில் இல்லை. வாசலில் நின்றுகொண்டு, போயிட்டு வாம்மா என்று சொல்லுகிற வாயில் இருந்தது. அதை எந்த நாடாவாலும் அளந்து பார்க்க யாரும் நினைக்கவில்லை.

அக்காவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தூக்கு இல்லை என்று அம்மா நேர்ந்துகொண்ட மெழுகுவத்தியோடு கோயிலுக்குப் போனாள். எண்ணெய் ஊற்றியவன்மேல் ஒரு கேஸும் இல்லை. அடுத்த அறுப்புக்குள் அவன் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டான் என்று கேள்விப்பட்டோம்.

தீர்ப்பு வந்த வாரமே மாப்பிள்ளையின் அப்பா மறுபடி வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார். மோர் வாங்கிக் குடித்தார். "பெரிய பொண்ணே கோர்ட்டுல சொல்லிடுச்சே, ரத்தத்துல ஒண்ணும் இல்லேன்னு. இனிமே என்ன தடை?" என்றார். பிள்ளையைக் கொன்றவள் சொன்ன சொல் என் கல்யாணத்துக்கு நற்சான்றாகிவிட்டது. முதல் ஓலையிலிருந்து மறுபடியும் வாசித்தார்கள். நான் முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் உட்கார்ந்து கேட்டேன். கோயிலில் இருந்த அத்தனை பேர் மேலும் எனக்கு வெறுப்பாக இருந்தது.

அக்காவை வேறு ஊர் ஜெயிலுக்கு மாற்றப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. அதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று நானும் அப்பாவும் திருச்சிக்குப் போனோம். ஜெயில் வாசலில் அப்பா உள்ளே வர மாட்டேன் என்று வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். நான் மட்டும் போனேன். போகிற வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அக்கா எனக்காகத்தான் தன்னை அழித்துக்கொண்டாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வக்கீலுக்கு ஒரு காரணம், டாக்டருக்கு ஒரு காரணம் இருந்ததுபோல எனக்கும் ஒன்று இருந்தது. எல்லாக் காரணத்தையும்விட அழகானது அதுதான் என்று நினைத்தேன்.

அக்கா இளைத்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். காது நன்றாகத் தெரிந்தது.

"அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம்க்கா. உன்னாலதான். நீ மட்டும் கோர்ட்டுல அப்படிச் சொல்லலேன்னா ஓலையே வாசிச்சிருக்க மாட்டாங்க" என்று சொல்லி அழுதேன்.

"என்ன ஓலை? உனக்கு நிச்சயமாயிடுச்சா?" என்று கேட்டாள்.

அவளுக்குத் தெரியவே தெரியாது. யாரும் போய்ச் சொல்லவில்லை.

"அப்ப எனக்காகச் சொல்லலையாக்கா?"

"இல்லடி."

"பின்ன ஏன்? ஞாபகம் இல்லேன்னு சொல்லியிருந்தா வுட்டிருப்பாங்களே."

"பைத்தியம்னு நான் ஒத்துக்கிட்டா, வந்து சொன்னதெல்லாம் பைத்தியம் சொன்னதுன்னு ஆயிடும்ல? கையக் காட்டுனேன். முதுகக் காட்டுனேன். புள்ள தொடையக் காட்டுனேன். அதெல்லாம் நெசம்டி. புள்ளையக் கொன்னது நான்தான், அதையும் இல்லேன்னு சொல்லல. ஆனா நான் வந்தது நெசம்" என்றாள்.

பின்னாட்களில் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தபோது குற்றவாளிகளைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியதை வாங்கிப் படித்திருக்கிறேன். உடம்பில் இருக்கிறது என்கிறவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. பிரசவித்த உடனே புத்தி கலங்கிய பெண்களை நானே பார்த்திருக்கிறேன். மனசில் இருக்கிறது என்கிறவர்கள் சொல்வதிலும் உண்டு. அடிபட்டே வளர்ந்த பிள்ளைகள் அடிப்பதை வகுப்பில் தினமும் பார்த்தேன். ஆனால் இரண்டு பேரும் விழுந்தவளை மட்டும்தான் பிரித்துப் பார்க்கிறார்கள். அவள் அதற்கு முன் யார் வாசலில் போய் நின்றாள் என்று கேட்பதற்கு அந்தப் புத்தகங்களில் நான் தேடிய வரை இடமில்லை.

நேரமாகிவிட்டது என்று காவல்காரப் பெண் வந்து நின்றாள். அக்கா எழுந்தாள்.

"அப்பா வந்திருக்காரா?" என்று கேட்டாள்.

"வந்திருக்காரு. வாசல்ல நிக்கிறாரு. கூப்புடவா?"

"நிக்கட்டும்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

ரயிலில் அப்பா எதிரே உட்கார்ந்திருந்தார். அரியலூர் வந்தது. இறங்குவதற்கு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "என்னப் பத்திக் கேட்டாளா?" என்றார்.

"கேட்டா" என்றேன். என்ன சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை.